‘போனவில்லை’ என்று யாராவது சொல்வோமா? மலேசியாவில் படிவம் 1, 2 (7, 8ஆம் வகுப்பு) பிள்ளைகளின் ஆங்கில இலக்கணமும் கடிதமும்

பாகான் அம்மா | ஞாயிறு, இரவு 10.40

மகள் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்துவிட்டு இப்போது பட்டர்வொர்த் பக்கம் ஓர் இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்று. போன வாரம் ஆங்கில நோட்டைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் குளிக்கப் போய்விட்டாள். திறந்து பார்த்தால் பக்கம் முழுக்க சிவப்பு வட்டம். எண்ணினேன், பதினேழு. கீழே ‘கிராமர்’ என்று எழுதி இரண்டு ஆச்சரியக்குறி. எது ஏன் தப்பு என்று ஒரு வரி இல்லை. டீச்சரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை, அத்தனை பிள்ளைகளின் நோட்டையும் திருத்த வேண்டும் பாவம்.

விடுமுறையில் என்ன செய்தாய் என்று தோழிக்கு எழுதும் கடிதம். அதில் மூன்று வரி:

‘ஐ டிட் நாட் வென்ட் டு தி டெம்பிள்.’
‘மை அங்கிள் லைக் ஃபிஷ் கறி.’
‘வி ஆர் லிவிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்.’

தப்பு என்று எனக்குத் தெரிகிறது. ஏன் தப்பு என்று அவள் கேட்டால் வாய் அடைத்துப்போகிறது. ‘அது அப்படித்தான்டா’ என்பதற்கு மேல் வரவில்லை. வீட்டுக்காரர், தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பியதால்தான் இப்படி என்கிறார். இனி வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலத்தில் பேசலாமா என்று யோசனை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கெப்போங் அப்பா | ஞாயிறு, இரவு 11.05

யோசிக்கவே வேண்டாம், மாறிவிடுங்கள். நாங்கள் மாறினோம். ஒரே வருஷத்தில் பையன் சரளமாகப் பேசுகிறான். இலக்கணமெல்லாம் காதில் விழ விழத் தானாக வரும்.

பத்துமலைக்காரி | ஞாயிறு, இரவு 11.21

எந்த ஆங்கிலம் விழும் அண்ணே? ‘யூ ஈட் ஆல்ரெடி ஆ?’, ‘ஓப்பன் தி லைட் லா.’ என் வீட்டிலும் இதுதான் ஓடுகிறது. காதில் விழ விழ வருவதும் இதுவேதான். பேச்சுக்கு ஒரு குறையும் இல்லை, ‘மாமாக்’ சாப்பாட்டுக் கடையில் எல்லாருக்கும் புரியும். தேர்வுத்தாளில் எழுதினால் வட்டம்.

செந்தூல் டியூஷன் | திங்கள், காலை 7.15

அக்கா, செந்தூலில் பதினோரு வருஷமாகப் படிவம் 1 முதல் 3 வரை ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் தமிழை நிறுத்தாதீர்கள். பாசத்தில் சொல்லவில்லை. உங்கள் மகளின் மூன்று வரியையும் திருத்துகிற ஆயுதம் அந்தத் தமிழில்தான் இருக்கிறது.

முதல் வரி. மகளிடம் கேளுங்கள்: ‘நான் கோயிலுக்குப் போனவில்லை’ என்று சொல்வாயா? சிரிப்பாள். சிரிக்கட்டும், அப்புறம் ஏன் சொல்ல மாட்டாய் என்று கேளுங்கள். ‘போகவில்லை’ என்பதில் ‘போக’வைத் தனியாக எடுத்துப் பாருங்கள். அதில் காலமும் இல்லை, ஆளும் இல்லை. நான் போகவில்லை, அவன் போகவில்லை, அவர்கள் போகவில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே ‘போக’. ‘இல்லை’ பின்னால் வந்து உட்கார்ந்ததும் வினை தன் சட்டை துணியையெல்லாம் கழற்றி வைத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘டிட்’ முன்னால் வந்து உட்கார்ந்தாலும் இதே கதைதான். இறந்தகாலத்தை ‘டிட்’ தலையில் தூக்கிக்கொண்டது. மிச்சம் இருப்பது வெறும் ‘கோ’. ‘டிட் நாட் வென்ட்’ என்பது அப்படியே ‘போனவில்லை’தான். என் வகுப்பில் இப்போது யாராவது அப்படி எழுதினால் பக்கத்துப் பிள்ளையே ‘டேய், போனவில்லை!’ என்று கத்துகிறது. ‘டஸ் நாட் லைக்ஸ்’ தப்பாவதும் இதனால்தான்.

இரண்டாவது வரி மலாய் பழகிய கையிலிருந்து வந்தது. ‘சாயா சூக்கா, டியா சூக்கா, மெரேக்கா சூக்கா.’ நானோ, அவரோ, அவர்களோ, விருப்பத்துக்கு ஒரே ‘சூக்கா’. யார் வந்தாலும் வினை அசையாது. ஆனால் ‘மாமா விரும்புகிறேன்’ என்று எந்தத் தமிழ்ப்பிள்ளையாவது எழுதுமா? எழுவாய்க்குத் தக்கபடி வினை வாலை மாற்றும் என்பது தமிழ் தெரிந்தவளுக்குப் புதுச் செய்தியே இல்லை. நமக்கு வினையின் வால் ‘ஏன்’, ‘ஆய்’, ‘ஆன்’, ‘ஆள்’, ‘ஆர்’, ‘அது’ என்று வரிசையாக நிற்கிறது. ஆங்கிலத்தில் அதெல்லாம் உதிர்ந்துபோய், நிகழ்காலத்தில் ஹி, ஷி, இட் என்றால் ஓர் எஸ், அதுதான் மிச்சம். ‘ஆம்’, ‘இஸ்’, ‘ஆர்’ மட்டும் தனிக் குடும்பம்.

மூன்றாவது வரியில் பாதிதான் தமிழ் உதவும். ‘பத்து வருஷமாக’ என்று ‘ஆக’ ஒட்டினால் ஃபார். ‘2015இலிருந்து’ என்று ‘இலிருந்து’ ஒட்டினால் சின்ஸ். இந்த இரண்டும் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். வினையில்தான் நம்மைக் கைவிடும். நாம் ‘இருக்கிறோம்’ என்று நிகழ்காலத்தில் சொல்வதை அவர்கள் ‘ஹேவ் லிவ்ட்’ என்கிறார்கள். அதை உருப்போட வேண்டியதுதான், குறுக்குவழி இல்லை.

படிவம் மூணு | திங்கள், மாலை 4.02

எங்க டீச்சர் சொன்ன டெக்னிக். ஒரு வாக்கியத்துக்கு ஒரே எஸ்தான் ரேஷன். எழுவாய் எடுத்துக்கொண்டால் வினைக்குக் கிடையாது, வினை எடுத்தால் எழுவாய்க்குக் கிடையாது. ‘தி பாய்ஸ் ரன்’, ‘தி பாய் ரன்ஸ்’. வேலை செய்கிறது.

செந்தூல் டியூஷன் | திங்கள், மாலை 6.30

நல்ல வழிதான் தம்பி. ‘சில்ட்ரன்’ வரும்போது உஷாராக இரு. எஸ் இல்லையே என்று வினைக்குக் கொடுத்துவிடுவாய். இறந்தகாலத்திலும் இந்த ரேஷன் கடை மூடிவிடும்.

பத்துமலைக்காரி | திங்கள், இரவு 9.10

டியூஷன் தம்பி, நீங்கள் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் என் மகனிடம் ‘போகவில்லை’யைப் பிரி என்றால், ‘போகவி, ல்லை’ என்பான். தமிழ் இலக்கணமே தெரியாத பிள்ளைக்கு அதை வைத்து எப்படி ஆங்கிலம் சொல்வது? இரண்டும் சேர்ந்து குழம்பிப்போகாதா?

செந்தூல் டியூஷன் | திங்கள், இரவு 10.25

நியாயமான கேள்வி அக்கா. நானும் முதல் இரண்டு வருஷம் அதே தப்பைச் செய்தேன். ‘வினையெச்சம்’, ‘வேற்றுமை உருபு’ என்று பலகையில் எழுதினால் பிள்ளைகள் கண்ணில் தூக்கம் வந்துவிடும். இப்போது பெயரே சொல்வதில்லை. காதுக்குத் தப்பாகப் படுகிற ஒரு தமிழ் வாக்கியத்தைச் சொல்வேன், அவர்கள் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பிலிருந்து தொடங்குவேன். உங்கள் மகனுக்குப் பிரிக்கத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் ‘போனவில்லை’ என்று சொல்ல மாட்டான் இல்லையா? அந்த அளவு இலக்கணம் போதும்.

இன்னொன்று செய்து பாருங்கள். ஏ, அன் குழப்பம் எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. ‘வவல்’ எழுத்துக்கு முன்னால் அன் என்று மனப்பாடம் செய்துவிட்டு ‘அன் யூனிஃபார்ம்’, ‘ஏ ஹவர்’ என்று எழுதும். தமிழ்ப்பள்ளியில் ஒரு, ஓர் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஒரு புத்தகம், ஓர் ஆப்பிள். ‘ஒரு யானை’ என்போம், ‘ஓர் யானை’ இல்லை, ஏனென்றால் ய மெய்யோடு தொடங்குகிறது. இப்போது ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். யூனிஃபார்ம், ய வந்துவிட்டது, ஆகவே ஏ. ஹவரை வெள்ளைக்காரன் ‘அவர்’ என்றுதான் சொல்வான், அ வந்துவிட்டது, ஆகவே அன். ஆனஸ்ட், அன். எஸ்பிஎம் (படிவம் 5 இறுதித் தேர்வு) கேண்டிடேட், எ வந்துவிட்டது, அன். ஆங்கில எழுத்தைப் பார்த்தால் ஏமாறுவோம், தமிழில் எழுதினால் ஒலி அப்படியே வெளியே வந்துவிடும்.

படிவம் மூணு | திங்கள், இரவு 10.41

‘ஒன் டே டிரிப்’புக்கு? தமிழில் எழுதினால் ஒ வருதே சார். ஆனா டீச்சர் ஏ போட்டார்.

செந்தூல் டியூஷன் | திங்கள், இரவு 10.50

பிடித்துவிட்டாய். அதை வாயால் சொல்லிப் பார்: வன். நாம்தான் எழுதும்போது ஒ போட்டுவிடுகிறோம். ஆகவே எழுதிப் பார்ப்பதை விட, சொல்லிப் பார்த்து எழுதுவது.

‘தி’ பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். தமிழில் ‘தி’ இல்லை என்று எல்லாரும் சொல்வார்கள். ‘கடையில் புத்தகம் வாங்கினேன்’, ‘கடையில் புத்தகத்தை வாங்கினேன்’ இரண்டும் ஒன்றா? இரண்டாவதைக் கேட்டால் ‘எந்தப் புத்தகம்? அன்றைக்குச் சொன்னியே அதுவா?’ என்று தோன்றும். அந்த ‘ஐ’க்குள் ஒரு ‘தி’ ஒளிந்திருக்கிறது. பொருளைச் சொல்லும்போது மட்டும், அதுவும் செயப்படுபொருளாக வந்தால் மட்டும். ஆளைச் சொன்னால் ஐ எப்படியும் வரும், அங்கே இது செல்லாது. முழுக் கதவும் திறக்காது, ஆனால் ‘தி’ எதற்கு என்றாவது பிள்ளைக்குப் புரியும்.

பாகான் அம்மா | செவ்வாய், காலை 6.50

போனவில்லையைச் சொன்னேன். சிரித்தாள். அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னாள், அவரும் சிரித்தார்! நன்றி தம்பி.

இன்னொரு சந்தேகம். இந்த வாரம் அலுவல் கடிதம். தெரு விளக்கு எரியவில்லை என்று நகராண்மைக் கழகத்துக்கு ஆங்கிலத்தில் புகார் எழுத வேண்டும். அவள் எழுதியதில் இரண்டாவது பத்திக்கு முன்னால் ‘2.’ என்று எண் போட்டிருக்கிறாள். ஒன்று எங்கே என்று கேட்டால் ‘அது வராதும்மா’ என்கிறாள். எனக்குத் தலை சுற்றுகிறது.

பழைய தட்டச்சு | செவ்வாய், காலை 9.30

அம்மா, மகள் சொல்வது சரி, ஆனால் வேறு மொழிக்கு. மலாய் அலுவல் கடிதத்தில், அதாவது ‘சுராட் ரஸ்மி’யில், முதல் பத்திக்கு எண் கிடையாது, இரண்டாம் பத்தியிலிருந்து 2, 3 என்று போகும். அதை ஆங்கிலக் கடிதத்துக்குத் தூக்கி வந்துவிட்டாள். முதல் வரியைப் பாருங்கள், ‘ரெஃபரிங் டு தி அபவ் மேட்டர்’ என்று இருக்கிறதா? அதுவும் ‘மெருஜுக் பெர்காரா டி அத்தாஸ்’ தான், சட்டையை மட்டும் மாற்றியிருக்கிறது.

நான் கோலாலம்பூரில் ஓர் அலுவலகத்தில் முப்பத்து மூன்று ஆண்டு குமாஸ்தா. 1970இல் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கில வழிப் பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய்க்கு மாறத் தொடங்கின. நான் அதற்குச் சற்று முன்னால் சேர்ந்ததால் ஆங்கிலத்திலேயே படித்து முடித்தேன். வேலைக்குப் போனால் கடிதமெல்லாம் மலாய். ஆகவே இரண்டு வடிவமும் கைக்குத் தெரியும். நீண்ட காலம் அரசுக் கடிதங்களின் கடைசியில் ‘சாயா யாங் மெனுருட் பெரிந்தா’ (கட்டளைக்குக் கீழ்ப்படியும் நான்) என்று இருந்ததே, அது வெள்ளைக்காரர் கால ‘யுவர் ஒபீடியன்ட் சர்வன்ட்’டின் வாரிசு. இப்போது அதுவும் மாறி ‘மெஞ்சாலாங்கான் அமானா’ (ஒப்படைத்த பொறுப்பை நிறைவேற்றும்) ஆகிவிட்டது. சரி, கதை போதும்.

ஆங்கில அலுவல் கடிதத்தில் பிள்ளை மறக்கக் கூடாதது முடிவுதான். ‘டியர் சார்’ என்று பெயர் சொல்லாமல் தொடங்கினால் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி’. ‘டியர் மிஸ்டர் இன்னார்’ என்று பெயர் சொன்னால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’. ‘யுவர்ஸ்’ஸில் மேலே புள்ளி (அப்பாஸ்ட்ரஃபி) போடக்கூடாது. ஃபெய்த்ஃபுலிக்குச் சிறிய எஃப். என் அதிகாரி ஒருவர் இதற்காக மட்டும் மூன்று கார்பன் நகலோடு முழுக் கடிதத்தையும் மறுபடி அடிக்க வைப்பார்.

படிவம் மூணு | செவ்வாய், மதியம் 3.15

ஐயா, ‘டியர்’னா அன்பேதானே? தலைமையாசிரியருக்குப் போய் எப்படி?

பழைய தட்டச்சு | செவ்வாய், மதியம் 3.58

என் பாட்டியும் இதையே கேட்டார். அது தேய்ந்துபோன சொல் தம்பி. நம் ‘மதிப்பிற்குரிய ஐயா’வை ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று மொழிபெயர்த்து எழுதும் பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. தமிழில் மரியாதை அங்கே இருக்கிறது, ஆங்கிலத்தில் வேறு இடத்தில் இருக்கிறது.

எங்கே என்று சொல்கிறேன், எனக்குத் தெரிந்தவரை கடிதத்தின் உயிர் இதுதான். நமக்கு நீ, நீங்கள், தாங்கள் இருக்கிறது. ஆங்கிலத்தில் ராணிக்கும் ‘யூ’, பூனைக்கும் ‘யூ’. மரியாதையை அவர்கள் வினைக்குள் ஒளித்து வைக்கிறார்கள். ‘கொடு’, ‘கொடுங்கள்’, ‘கொடுக்க முடியுமா’, ‘கொடுத்து உதவினால் நன்றியுடையவனாக இருப்பேன்’ என்று நாம் படியேறுகிறோம் அல்லவா? அவர்களும் ஏறுகிறார்கள்: ‘கிவ் மீ’, ‘ப்ளீஸ் கிவ் மீ’, ‘குட் யூ கிவ் மீ’, ‘ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட்’. பெரியவரிடம் ‘கொடு’ என்று சொல்லக் கூச்சப்படுகிற பிள்ளைக்கு இந்தப் படி ஏற்கெனவே தெரியும். ‘யூ’வுக்குள் மரியாதை இல்லை, ‘குட்’டும் ‘வுட்’டும்தான் உங்கள் ‘ங்கள்’ என்று சொன்னால் போதும்.

புகார் கடிதத்துக்கு மூன்று விஷயம்: எங்கே, எப்போதிலிருந்து, என்ன வேண்டும். ‘எங்கள் தாமானில் (குடியிருப்பில்) விளக்கு எரியவில்லை’ என்றால் யார் வருவார்? ‘லோரோங் 5 முனையில், விளையாட்டுத் திடலுக்கு எதிரே, மூன்றாவது கம்பம், மூன்று வாரமாக’ என்று எழுதினால் ஆள் ஏணியோடு வருவான். கோபம் ஒரு வரியிலும் வேண்டாம்.

கெப்போங் அப்பா | செவ்வாய், இரவு 8.44

இந்தக் காலத்தில் யார் ஐயா கடிதம் எழுதுகிறார்கள்? புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு படம் எடுத்து அனுப்பினால் முடிந்தது. மின்னஞ்சல் என்றாலும் கைப்பேசியிடம் கேட்டால் அதுவே எழுதித் தருகிறது. படிவம் 3இன் பொதுத் தேர்வான பிடி 3ஐயே 2022இல் ரத்து செய்துவிட்டார்கள். பிள்ளைகளை ஏன் இதில் போட்டு வாட்ட வேண்டும்?

வெண்கட்டி | செவ்வாய், இரவு 10.02

இடைநிலைப்பள்ளி ஆங்கில ஆசிரியை. சிவப்பு வட்டம் போடுகிற கட்சி, மன்னிக்கவும்.

பிடி 3 போனது உண்மை. அதற்குப் பிறகு கீழ்ப்படிவங்களுக்கு யுஏஎஸ்ஏ என்ற ஆண்டிறுதித் தேர்வு வந்தது. ஆனால் இந்தப் பிள்ளைகள் போய்ச் சேரும் இடம் எஸ்பிஎம் ஆங்கிலம், பாட எண் 1119. 2021இல் வந்த அமைப்பில் எழுத்துத் தாளின் முதல் பகுதியே வந்திருக்கிற மின்னஞ்சலுக்குச் சுமார் 80 சொல்லில் பதில் எழுதுவது. அதற்கு 20 மதிப்பெண். கருத்து, தொடர்புத் திறன், ஒழுங்கமைப்பு, மொழி என்று நான்குக்கும் ஐந்தைந்து. அந்தத் தொடர்புத் திறன் என்பது ஐயா சொன்ன அதே படிதான். யாருக்கு எழுதுகிறாய், அவருக்குத் தக்க குரலில் எழுதினாயா. முகவரியைக் கோடு போட்டு எழுதும் காலம் ஒருவேளை போகலாம், இது போகாது.

கைப்பேசி எழுதிக் கொடுப்பதைப் பற்றி: போன மாதம் வீட்டுப்பாடமாக உற்ற தோழனுக்கு மின்னஞ்சல் கேட்டேன். ஒன்பது பேர் ‘ஐ ஹோப் திஸ் இமெயில் ஃபைன்ட்ஸ் யூ வெல்’ என்று தொடங்கியிருந்தார்கள். கூட உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிடுகிறவனுக்கு! நாங்கள் படிக்கும்போது ‘ஹோப் யூ ஆர் இன் தி பிங்க் ஆஃப் ஹெல்த்’ என்று தொடங்கி ‘ஐ ஷல் பென் ஆஃப் ஹியர்’ என்று முடிப்போம். அதைச் சொல்லிக்கொடுத்தது டியூஷன் டீச்சர், இதைச் சொல்லிக்கொடுப்பது இயந்திரம். வேறு வித்தியாசம் தெரியவில்லை.

பாகான் சகோதரி, ‘கிராமர்’ என்று மட்டும் எழுதியதற்காக அந்த டீச்சர் சார்பில் வருத்தம். எனக்கு ஐந்து வகுப்பு. எல்லா வட்டத்துக்கும் விளக்கம் எழுதினால் விடிந்துவிடும். நான் இப்போது ஒரு நோட்டுக்கு ஒரே வகைப் பிழையை மட்டும் வட்டமிடுகிறேன். இந்த வாரம் எஸ், அடுத்த வாரம் காலம். தலைமையாசிரியருக்குப் பிடிக்கவில்லை, பிழையை விட்டுவிட்டீர்கள் என்கிறார்.

கெப்போங் அப்பா | செவ்வாய், இரவு 10.30

80 சொல்தானா? அதுக்கு 20 மார்க்கா? சரி, அப்போ வாட்டலாம்.

பத்துமலைக்காரி | புதன், காலை 8.05

பினாங்குக்காரர்களுக்கு: சௌராஸ்டா மார்க்கெட் மாடியில் பழைய புத்தகக் கடைகளில் தேடினால் இலக்கணப் பயிற்சிப் புத்தகம் மலிவாகக் கிடைக்கும். யாரோ பென்சிலால் விடை எழுதியிருப்பார்கள், முதலில் அழித்துவிட்டுக் கொடுங்கள். நான் அழிக்காமல் கொடுத்து, மகன் முழு மார்க் வாங்கினான்.

பாகான் அம்மா | வெள்ளி, இரவு 9.48

விளக்குக் கடிதம் போனது. கம்பத்தைப் பார்க்க நிஜமாகவே அவளைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். மூன்றாவது இல்லை, நான்காவது. ‘2.’ இல்லை, ‘ரெஃபரிங்’ இல்லை, ‘ஐ வான்ட் யூ டு ரிப்பேர்’ என்று இருந்ததை அவளே அடித்துவிட்டு ‘குட் யூ’ போட்டாள். ஐந்து வட்டம்தான் இந்தத் தடவை. இரண்டு வட்டம் ‘தி’.

தோழிக்கு எழுதிய பழைய கடிதத்தையும் திருத்தி எழுதினாள். இலக்கணம் பரவாயில்லை. ஆனால் கடைசியில் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி’. இது அலுவல் கடிதத்துக்கு இல்லையா, தோழிக்கு ஏன் போட்டாய் என்று கேட்டேன்.

‘ஃபெய்த்ஃபுலின்னா விசுவாசம்தானேம்மா. முன்னப்பின்ன தெரியாத ஆளுக்கு எதுக்கு விசுவாசம்? இவளுக்குத்தானே போடணும்’ என்கிறாள்.

ஐயா, இதற்கு என்ன பதில் சொல்வது?

பழைய தட்டச்சு | வெள்ளி, இரவு 10.15

முப்பத்து மூன்று ஆண்டு அடித்திருக்கிறேன் அம்மா, ஒரு நாளும் எனக்கு இது தோன்றவில்லை. தேர்வில் மட்டும் போட வேண்டாம் என்று சொல்லுங்கள்.